மருத்துவப் புகுமுகமும் விஞ்ஞானப் படிப்பும்: காலமறிதல் பற்றிய ஒரு பாடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சிறந்த பெறுபேறு பெற்றுவிட்டால், அப்பிள்ளை டாக்குத்தரா எஞ்சினியரா என்ற வினாவை அயலவர் எழுப்பத் தொடங்கிவிடுவர். பிள்ளையின் விருப்பம் பின்னரே கேட்கப்படும். சில வீடுகளில் கேட்கப்படாமலே போகும். இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மண் வளமும் மழை வளமும் குறைந்த குடாநாட்டில், தோட்டத்தையும் பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கல்வியே அழியாத முதுசொம்மாக இருந்து வந்தது. அம்முதுசொம்மின் உச்சியில் மருத்துவப் பட்டத்தை வைத்து நம்மவர் போற்றியதில் வியப்பில்லை.

ஆயின் உயர்தர வகுப்பு முடிந்தபின் வேறொரு வினா எழுகின்றது. அது ஆண்டுதோறும் ஆசிரியர் அறைவாயிலுக்குப் பெற்றோரை அழைத்து வருகின்றது. "முதற் தடவையில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை, விஞ்ஞான பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. அதை ஏற்பதா? மறுபடியும் தோற்றுவதா? தோற்றுவதாயின் எப்பொழுது?" என்பதே அவ்வினா. இது விடைத்தாளில் எழுதும் வினாவன்று. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகள் இதன் விடையில் தங்கியிருக்கின்றன. ஆதலால் இவ்விழா மலரில் இதனையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டோம்.

விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இருக்கத் தமிழ் கற்பிக்கும் நாம் இது குறித்துப் பேசுவதேன் எனச் சிலர் வினவலாம். திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்ற எண்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கு உரைத்த அம்முறை பரீட்சைக்குச் செல்லும் மாணாக்கர்க்கும் முற்றும் பொருந்தும். தன் வலியை அறியாதவன் காலத்தை அறிய இயலாது; காலத்தை அறியாதவனுக்கு இடம் கிடைத்தும் பயனில்லை. அவ்வரிசையிலேயே நாமும் செல்வோம். அதற்கு முன் நம் நாட்டில் இவ்வொழுங்கு வந்த வழியைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

முன்னோர் கண்ட ஒழுங்கு

குடாநாட்டில் மேலைநாட்டு மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்துத் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். 1873இல் அவர் நாடு திரும்பும் முன் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று தேறினர். உடலமைப்பு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகியவற்றோடு 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. மருத்துவனுக்கு இரசாயனமும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தமைக்கு அந்நூலே சான்று. அவர் காலத்துக்கு முன்னரே, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி கணிதத்தையும் இயற்கை விஞ்ஞானத்தையும் இங்கே பரப்பியிருந்தது. அந்நிலத்திலேதான் கிறீன் விதைத்தார்.

கொழும்பில் 1870இல் மருத்துவப் பாடசாலை தோன்றியது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1942இல் இவ்விரண்டும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்னும் நான்கு பாடங்களும் மருத்துவத்துக்கு வாயிலாக அமைந்தன. அறுபதுகளின் நடுப்பகுதியில் புகுமுகப் பரீட்சை பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து பரீட்சைத் திணைக்களத்தின் கைக்கு மாறி, கல்விப் பொதுத் தராதர உயர்தரம் எனப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்று தெளியத்தக்க விஞ்ஞானத்தைப் பாடசாலையிலேயே பயின்று வரவேண்டும் என்ற நிலை இங்ஙனம் உறுதிப்பட்டது. பின்னர்த் தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என ஒன்றாயின. நான்கு பாடங்கள் மூன்றாயின.

எழுபதுகளில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்து நம் மாணாக்கர் பலரின் வழியை மறித்தமையைப் பழைய மாணவர் மறந்திரார். அக்காலத்திலேயே 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கலைப் பகுதி திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி நிலத்திலும், விஞ்ஞானப் பகுதி முதலில் வட்டுக்கோட்டையிலும் இயங்கின. 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் இன்று ஒரே பல்கலைக்கழகத்தில் உள்ளன. எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்வழி இல்லை. நமது பாடத்தின் முடிச்சு இதுவே.

வலியறிதல்

தன் வலியை அறிதற்கு மாணாக்கர் முதலில் இசட் புள்ளியின் இயல்பை அறிதல் வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழகத் தெரிவு இப்புள்ளியைக் கொண்டே நடைபெறுகின்றது. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதே அப்பாடத்தின் இசட் புள்ளி. உதாரணமாக, ஒருவர் 70 புள்ளி பெற்றார், சராசரி 46, நியம விலகல் 16 என்க. 24ஐ 16ஆல் வகுக்க 1.5 வரும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அவருடைய இறுதிப் புள்ளி கிடைக்கும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மைகள் இரண்டு. முதலாவது, நாம் எவ்வளவு பெற்றோம் என்பதைவிட ஏனையோர்க்கு எவ்வளவு மேலே நின்றோம் என்பதே கணக்கில் வரும். ஆகவே சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை இலக்காக வைத்து "இவ்வளவு போதும்" என்றிருத்தல் பிழை. இரண்டாவது, மூன்று பாடங்களும் ஒரே நிறை உடையவை. உயிரியலை நேசிக்கும் மருத்துவ மாணாக்கர் பௌதிகத்தைச் சுமையாக எண்ணி ஒதுக்குதல் நம் வகுப்புகளில் அடிக்கடி காணப்படுவது. அதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுவோம்.

ஒரு மாணவி உயிரியலில் 1.9, இரசாயனத்தில் 2.0, பௌதிகத்தில் 1.2 பெற்றாள் என்க. கூட்டுத்தொகை 5.1, இறுதிப் புள்ளி 1.7. மறுமுறை தனக்கு விருப்பமான உயிரியலையே மேலும் மேலும் பயின்று 2.1 ஆக்கினாள் எனில், இறுதிப் புள்ளி ஏறத்தாழ 1.77 ஆகும். அவ்வுழைப்பைப் பௌதிகத்தில் இட்டு அதனை 1.8 ஆக்கியிருந்தால், கூட்டுத்தொகை 5.7, இறுதிப் புள்ளி 1.9. உச்சியில் நிற்கும் பாடம் சிறிதே உயர இடங்கொடுக்கும். தாழ நிற்கும் பாடம் பெரிதும் உயர இடங்கொடுக்கும். மறுமுறை தோற்ற எண்ணும் ஒவ்வொருவரும் இக்கணக்கைத் தம் பெறுபேற்றைக் கொண்டு செய்து பார்த்தல் கடன். எந்தப் பாடம், எவ்வலகு, என்ன காரணம் என்று சுட்டிச் சொல்ல இயலாதவர்க்கு மறுமுறை என்பது முன்முறையின் நிழலாகவே முடியும்.

காலமறிதல்

இனிக் காலத்தை நோக்குவோம். உயர்தரப் பரீட்சை 2019 வரை ஆகத்து மாதத்தில் நடைபெற்றது. கொள்ளை நோயும் பொருளாதார நெருக்கடியும் அதனைப் புரட்டிவிட்டன. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 சனவரி 23இல் தொடங்கியது. பெறுபேறு அவ்வாண்டு செப்தெம்பர் 4இல் வெளிவந்தது. அடுத்த பரீட்சை 2024 சனவரி 4இல் வந்தது. பெறுபேற்றுக்கும் மறுபரீட்சைக்கும் இடையே இருந்தவை நான்கு மாதங்களே. அதன் பெறுபேறு 2024 மே 31இல் வந்தது. அடுத்த பரீட்சை நவெம்பர் 25இல். இடைவெளி ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பெறுபேறு 2025 ஏப்பிரல் 26இல். பரீட்சை நவெம்பர் 10இல். இடைவெளி ஆறரை மாதம்.

இத்தேதிகளைத் தேவையின்றி அடுக்கினோமல்லோம். பெறுபேறு வந்தபின் படிக்கத் தொடங்கலாம் என்றிருப்போர் ஏறத்தாழ அரை ஆண்டை இழக்கின்றனர் என்பதை அவை காட்டுகின்றன. முதற் பரீட்சை முடிந்தவுடன் இரண்டு மூன்று கிழமை ஓய்வு கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். அதன்பின் பாடங்கள் நினைவிற் சூடாக இருக்கையிலேயே, வினாத்தாளை முன்வைத்துத் தவறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, நாளுக்கு மூன்று மணியேனும் படித்தல் நன்று. மருத்துவம் கிடைத்துவிட்டால் அவ்வுழைப்பு வீணாகுமோ எனின், ஆகாது. இரசாயனமும் உயிரியலும் எப்பீடத்துக்குச் சென்றாலும் உடன்வரும்.

மற்றொன்றும் உண்டு. நம் மாணாக்கர் உயர்தரத்தைத் தமிழிற் படிக்கின்றனர். மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் ஆங்கிலத்திற் கற்பிக்கின்றன. அக்கரைக்குச் செல்லும் பாலத்தைக் காத்திருக்கும் மாதங்களிலேயே கட்டிக்கொள்ளுதல் வேண்டும். கலம், இழையம், நொதியம் என்று தமிழிற் பொருளுணர்ந்து கற்றவருக்கு அவற்றின் ஆங்கிலப் பெயர்களை ஏற்றுக்கொள்வது எளிது. பொருளுணராது மனனஞ் செய்தவருக்கு இரு மொழியும் சுமையே. நாளொன்றுக்கு ஓர் ஆங்கில விஞ்ஞானப் பக்கத்தை அகராதியுடன் வாசித்துத் தமிழில் சுருக்கி எழுதும் பயிற்சியை நாம் பரிந்துரைப்போம். ஆறு மாதத்தில் அதன் பயன் தெரியும்.

நவெம்பர் மாதம் குடாநாட்டில் மாரி பெய்யும் காலம். 2024இலும் 2025இலும் புயல் மழையாற் பரீட்சை இடைநடுவே நிறுத்தப்பட்டது. 2025இல் எஞ்சிய வினாத்தாள்கள் அடுத்த சனவரிக்கே தள்ளப்பட்டன. ஆதலால் கடைசிக் கிழமையில் முடித்துவிடலாம் என ஒரு பாடத்தை மிச்சம் வைத்தலும், நிறுத்திய நாட்களில் மனந்தளர்ந்து புத்தகத்தை மூடுதலும் ஆகா.

இனி முடிச்சுக்கு வருவோம். பல்கலைக்கழகத் தெரிவுக்காக ஒருவர் மூன்று தடவை வரை தோற்றலாம். முதற் பெறுபேற்றின்படி பல்கலைக்கழகத் தெரிவு வெளிவர, பெறுபேற்றின்பின் மேலும் மாதங்கள் செல்லும். அதனால் இரண்டாந் தடவை தோற்றுதல் பெரும்பாலும் எதனையும் கெடுப்பதில்லை. பீடத்தின் கதவு திறக்குமுன்னரே அப்பரீட்சை நெருங்கிவிடும். மோதல் நேர்வது மூன்றாந் தடவையிலேயே. அப்பொழுது விஞ்ஞான பீடத்தின் அழைப்பு கையில் இருக்கும். மருத்துவத்தின் ஆசை நெஞ்சில் இருக்கும். பல்கலைக்கழகத்தில் ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்தவர், பின்னர் எழுதும் பரீட்சையைக் கொண்டு வேறு நெறிக்குத் தெரிவாகும் உரிமையைப் பொதுவாக இழந்துவிடுகின்றார். இதனை அறியாது, "இப்போதைக்குப் பதிந்து வைப்போம், மூன்றாந் தடவையும் எழுதிப் பார்ப்போம்" என்று இறங்குவோர் உளர். இரண்டு தோணியிற் கால் வைத்தவர் கதையே அது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை, பதிவுக்கு முன் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்திருந்து வரி வரியாக வாசித்தல் வேண்டும். அயலவர் சொன்னது விதியன்று. அவ்வாண்டுக் கைந்நூலில் உள்ளதே விதி.

மூன்றாந் தடவை தோற்றத் தக்கவர் யாவர்? நாம் மூன்று அடையாளம் கூறுவோம். வெட்டுப்புள்ளிக்கும் தம் புள்ளிக்கும் உள்ள இடைவெளி சிறிதாய், அதற்குக் காரணமான பாடத்தைச் சுட்ட இயன்றவராய் இருத்தல் ஒன்று. முதற் தடவைக்கும் இரண்டாந் தடவைக்கும் இடையே தெளிவான ஏற்றம் இருத்தல் மற்றொன்று. மருத்துவத்தைத் தாமே விரும்புதல் மூன்றாவது. இம்மூன்றும் இல்லாதவர் மூன்றாந் தடவையில் ஓராண்டை மாத்திரமன்று, தன்னம்பிக்கையையும் பணயம் வைக்கின்றார். காணியை ஈடு வைத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்பும் குடும்பங்களில் அப்பணயம் இன்னும் பெரிது.

விஞ்ஞான பீடத்தை ஏற்பவர் அதனை முழுமனத்துடன் ஏற்கட்டும். அது மருத்துவத்துக்குத் தவறியோர் தங்கும் மடமன்று. மூன்றாண்டில் விஞ்ஞானமாணிப் பட்டமும் நான்காண்டில் சிறப்புப் பட்டமும் பெறலாம். நோயின் காரணத்தைக் கண்டறியும் ஆய்வுகூடமும், நிலத்தடி நீரின் நைத்திரேற்றை அளக்கும் ஆய்வும், அடுத்த தலைமுறைக்கு இரசாயனம் கற்பிக்கும் வகுப்பறையும் அப்பட்டதாரிகளையே எதிர்நோக்குகின்றன. சுண்ணக்கல்லின் மேல் வாழும் நமக்குக் கிணற்று நீரை அறிந்தவர் மருத்துவரிலும் குறைந்தவரல்லர். நோயாளியின் அருகே நின்று தொண்டாற்றுதலையே விரும்புவோர்க்குத் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் என வேறு வாயில்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே உள்ளன.

இடனறிதல்

நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். இங்குள்ள உறவினர்க்கு அவர் கூறும் அறிவுரையும், அங்குள்ள தம் பிள்ளைகட்கு அவர் இங்கிருந்து கேட்டுச் சொல்லும் அறிவுரையும் சிலவேளை முரண்படுகின்றன. காரணம், இடத்துக்கு இடம் பரீட்சை நிற்கும் இடம் வேறு. இலங்கையில் அது விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு முன் நிற்கின்றது. தமிழ்நாட்டிலும் அவ்வாறே, பன்னிரண்டாம் வகுப்பை முடிப்போர் பௌதிகம், இரசாயனம், உயிரியல் அடங்கிய நீற் பரீட்சையை எழுதுகின்றனர். பிரித்தானியாவில் பாடசாலை மாணாக்கர் இறுதியாண்டுக்கு முன் வரும் கோடையில், யூலைக்கும் செப்தெம்பருக்கும் இடையே, யூகற் எழுதுகின்றனர். அது விஞ்ஞானப் பாடத்தைக் கேளாது, சிந்தனைத் திறனையும் விரைவையும் சோதிக்கும்.

கனடாவில் முறை முற்றும் வேறு. அங்கே ஒருவர் முதலிற் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கிச் சில ஆண்டு பயின்ற பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பொதுவழக்கு. அதற்கென எம்கற் எனப்படும் பரீட்சை உண்டு. அது நான்கு பகுதிகளை உடையது: உயிரியலும் உயிரிரசாயனமும் ஒன்று, இரசாயனமும் பௌதிகமும் ஒன்று, உளவியலும் சமூகவியலும் ஒன்று, வாசித்து ஆராய்தல் ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை புள்ளி. மொத்தம் 472 முதல் 528 வரை. ஓராண்டில் மூன்று முறை, ஈராண்டில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என எல்லையும் உண்டு.

அப்பரீட்சையை எப்பொழுது எழுதுவது? பொது உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம், உயிரிரசாயனத்தின் முதற் பகுதி ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் முடித்து, அவை மறவாதிருக்கும் காலமே தக்க காலம். பலருக்கு உயிரிரசாயனம் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ வரும். அதனை முடித்த கோடை விடுமுறையே பொருத்தமானது. பரீட்சை எழுதி ஏறத்தாழ ஒரு மாதத்திற் பெறுபேறு வரும். ஒன்ராறியோ மாகாணத்தில் விண்ணப்ப முடிவு அக்டோபர் தொடக்கத்தை ஒட்டியது. ஆதலால் கோடையின் முற்பகுதியில் எழுதினால், தேவையாயின் மறுமுறை எழுதவும் இடமிருக்கும். பல்கலைக்கழக வகுப்புகள் நடக்கையிலேயே எழுத முயல்வோர் இரண்டிலும் குறைவுபடக் காண்கிறோம். அங்கே பட்டப்படிப்பின் பெறுபேறும் தெரிவிற் கணிக்கப்படுவதால் அக்குறை பெரிது.

வாசித்து ஆராய்தல் என்ற பகுதி நம் கவனத்துக்கு உரியது. அதிற் கேட்கப்படுவது விஞ்ஞானமன்று; முன்பின் அறியாத ஒரு கட்டுரையை வாசித்து, ஆசிரியன் கருத்து யாது, அதற்கு அவன் காட்டும் நியாயம் யாது எனக் காணுதல். ஒன்ராறியோவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் எம்கற் பரீட்சையில் அப்பகுதியின் புள்ளியையே கருத்திற் கொள்ளுகின்றது. இத்திறன் மூன்று மாதத்தில் வருவதன்று. சிறு வயது முதல் நூல்களை ஆழ்ந்து வாசித்தவர்க்கே வரும். மருத்துவத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு என வினவும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

செய்யத்தக்கன

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். பரீட்சையின் நாளைத் தீர்மானிப்பது அயலவர் பேச்சன்று, பாடம் முற்றியமையே. முதற் தடவைக்கு முழு ஆயத்தத்துடன் செல்க. பெறுபேறு வருமுன்னரே குறையைத் திருத்தத் தொடங்குக. இரண்டாந் தடவைக்குத் தாழ்ந்த பாடத்தில் உழைக்க. மூன்றாந் தடவைக்கு முன் வீட்டிலுள்ளோர் கூடி, ஒரு நாளைக் குறித்து, அந்நாளுக்குள் ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்க. முடிவு செய்தபின் திரும்பிப் பாராதொழிக. கடல் கடந்து வாழ்வோர் அவ்வவ்விடத்து ஒழுங்கை அறிந்து, விஞ்ஞானப் பாடங்களின் வரிசையை முதலாண்டிலேயே வகுத்துக்கொள்க.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவரான உங்களைக் கல்லூரி மேடையில் மாலையிட்டு வரவேற்கின்றோம்; அது தக்கதே. விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆய்வுகூடத்திலும் வகுப்பறையிலும் பணிபுரியும் உங்கள் வகுப்புத் தோழர்களையும் அடுத்த முறை உடன் அழைத்து வாருங்கள். உயர்தர மாணாக்கர் முன் அவர்கள் அரைமணி பேசட்டும். பதிவுப் பத்திரத்தைக் கையில் வைத்துக் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு, நாம் எழுதும் பக்கங்களிலும் அவ்வரைமணி கூடுதலாக உதவும்.